கூகுள்தான் இணையமா? கணினிச் சொற்கள் பற்றிய ஒரு கேள்விக்கு விரிவான பதில்

பணி ஓய்வுக்குப் பிறகு முதன்முறையாக மடிக்கணினி வாங்கி, வீட்டுக்கு ஃபைபர் இணைப்பும் எடுத்திருக்கும் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. பெட்டியின் மேல் 8 ஜிபி, 512 ஜிபி என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. இரண்டும் ஜிபி என்றால் எது எதைக் குறிக்கிறது? 512 என்று சொல்லி விற்றதில் 476தான் தெரிகிறதே, மீதி எங்கே? 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குப் பணம் கட்டியும் கோப்பு இறங்கும் வேகம் 12-ஐத் தாண்டவில்லை, இது ஏமாற்றா? இணையம், கூகுள், குரோம், வெப்சைட் எல்லாம் ஒன்றுதானா? பூட்டுப் படம் இருக்கும் தளத்தில் நம்பிப் பணம் செலுத்தலாமா? கிளவுடில் இருக்கும் புகைப்படம் உண்மையில் எங்கே இருக்கிறது?

கணினிச் சொற்களை அகராதி போல வரிசையாக மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல ஆண்டுகளாகப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் நான் கண்டது, குழப்பம் சொல்லின் பொருளில் இருப்பதைவிட அந்தப் பொருள் இருக்கும் இடத்தில்தான் அதிகம் இருக்கிறது என்பதே. எல்லாமே ஒரே திரையில் தெரிவதால், நம் கையிலுள்ள இயந்திரத்துக்குள் இருப்பது எது, வீட்டுச் சுவரில் மாட்டிய பெட்டியில் நடப்பது எது, எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் கிடப்பது எது என்று பிரித்துப் பார்க்க வழியில்லாமல் போகிறது. ஆகவே எந்தச் சொல் வந்தாலும் ‘இது எங்கே இருக்கிறது?’ என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விகளையும் அந்த வரிசையிலேயே, கைக்கு அருகிலிருந்து தொலைவுக்குப் போவதாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த இரண்டு ஜிபி. இரண்டுமே உங்கள் மடிக்கணினிக்கு உள்ளேதான் இருக்கின்றன. 8 ஜிபி என்பது ரேம், அதாவது தற்காலிக நினைவகம். 512 ஜிபி என்பது எஸ்எஸ்டி, அதாவது நிலையான சேமிப்பகம். கடைக்காரர் இரண்டையும் ‘மெமரி’ என்றே சொல்லியிருப்பார். பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. மின்கலம் இல்லாத ஒரு மேசைக் கணினியில் நீங்கள் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் முடிந்ததும் சேமிக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தின் நடுவில் மின்சாரம் போய்விடுகிறது. திரும்ப வந்து திறந்தால் முதல் பக்கம் இருக்கும், இரண்டாம் பக்கம் இருக்காது. முதல் பக்கம் இருந்த இடம் சேமிப்பகம், இரண்டாம் பக்கம் இருந்த இடம் ரேம். மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே ரேம் எதையும் நினைவில் வைத்திருக்கும். இப்போதைய மென்பொருள்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தாமாகவே சேமித்துக்கொள்வதால் இந்த இழப்பு முன்பு போல நேர்வதில்லை, அவ்வளவுதான்.

இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் கைபேசியிலும் பயன்படும். ‘இடம் இல்லை, புகைப்படம் எடுக்க முடியாது’ என்று கைபேசி சொன்னால் அது சேமிப்பகத்தின் குறை. ஒரே நேரத்தில் நான்கைந்து செயலிகளைத் திறந்தால் திணறுகிறது, ஒன்றுக்குப் போய்த் திரும்பினால் மற்றது முதலிலிருந்து தொடங்குகிறது என்றால் அது பெரும்பாலும் ரேமின் குறை. சேமிப்பகம் விளிம்புவரை நிரம்பினாலும் வேகம் குறையும். ஆனால் ரேம் போதாத கைபேசியில் பேரப்பிள்ளைகளின் படங்களையெல்லாம் அழித்தாலும் அந்தத் திணறல் தீராது.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ‘செயலி’ என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் புழங்குகிறோம். நாளிதழ்களில் செயலி என்றால் வாட்ஸ்அப் போன்ற ஆப். கணினிப் பாடங்களில் செயலி என்றால் கணக்கிடும் சில்லு, அதாவது பிராசஸர். ‘புதிய செயலி வேகமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தால் எதைச் சொல்கிறார்கள் என்பதை முன்பின் வாக்கியங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சில்லுக்கு நுண்செயலி என்ற சொல் இருக்கிறது; அதையே தொடர்ந்து எழுதினால் இந்தச் சங்கடம் வராது. இன்னொன்று, மேசைக் கணினியின் பெரிய பெட்டியை நம்மில் பலர் ‘சிபியு’ என்கிறோம். உண்மையில் சிபியு என்பது அந்தப் பெட்டிக்குள் ஒரு பிஸ்கட்டைவிடச் சிறியதாக இருக்கும் சில்லு மட்டுமே. பழுது பார்ப்பவரிடம் ‘சிபியு போய்விட்டது’ என்று சொன்னால் அவரும் பெட்டியைத்தான் நினைப்பார் என்பதால் இதனால் பெரிய தீங்கில்லை.

அடுத்து, காணாமல் போன 36 ஜிபி. யாரும் திருடவில்லை. சேமிப்பகம் செய்யும் நிறுவனங்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகின்றன. விண்டோஸ் அதே ஜிபியை 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107,37,41,824 பைட் என்று கணக்கிடுகிறது. கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணுவதால், ஆயிரத்துக்கு மிக அருகிலுள்ள 1024 அதற்கு வசதியாகிவிட்டது. 512-ஐ முதல் கணக்கில் பைட்டாக்கி இரண்டாவது கணக்கால் வகுத்தால் 476-க்குச் சற்று மேல் வரும். படி வேறானதால் அளவும் வேறாகத் தெரிகிறது. அரிசி அதே அரிசிதான்.

பைட் என்ற சொல் வந்துவிட்டதால், அதையும் பிட்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம். உங்கள் மூன்றாம் கேள்விக்கான விடை இதற்குள்தான் இருக்கிறது. பிட் என்பது சுழியம் அல்லது ஒன்று. அதைவிடச் சிறிய அளவு கணினியில் இல்லை. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆங்கில எழுத்து ஒன்றைக் குறிக்க ஒரு பைட் போதும். தமிழுக்கு அது போதாது. ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் ஒதுக்கும் பொது முறையான ஒருங்குறியில் (யூனிகோடு) அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். இன்று வலைப்பக்கங்களில் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் மொத்தம் 15 பைட். பின்நகர்வு விசையை ஒருமுறை தட்டும்போது ‘ழ்’ முழுவதும் மறையாமல் புள்ளி மட்டும் போய் ‘ழ’ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குறியீடுகள்தான் அங்கே உங்கள் கண்முன் வருகின்றன.

குறுஞ்செய்தியிலும் இதே கதைதான். ஓர் எஸ்எம்எஸ் சுமக்கக்கூடியது 140 பைட். ஆங்கில எழுத்துகளை ஏழு பிட்டில் நெருக்கி அடைப்பதால் 160 எழுத்துகள் கொள்ளும். குறுஞ்செய்திக்குரிய வேறொரு முறையில் தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு இரண்டு பைட் எடுத்துக்கொள்வதால் 70-இல் முடிந்துவிடும். அந்த 70-ம் குறியீடுகளின் எண்ணிக்கை என்பதால், நாம் எழுத்தெண்ணிப் பார்த்தால் இன்னும் குறைவாகவே இருக்கும். தமிழில் அனுப்பிய குறுஞ்செய்தி இரண்டாக, மூன்றாக உடைந்து கணக்கில் ஏறியதன் காரணம் இதுவே.

இனி அந்த 100 எம்பிபிஎஸ். இணைப்பு தரும் நிறுவனங்கள் வேகத்தை நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று சொல்கின்றன. கோப்பை இறக்கும் மென்பொருளோ நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று காட்டுகிறது. ஆங்கிலத்தில் பிட்டுக்குச் சிறிய எழுத்தும் பைட்டுக்குப் பெரிய எழுத்தும் இட்டு வேறுபடுத்துகிறார்கள். தமிழில் எழுதும்போதும் பேசும்போதும் இரண்டும் ‘எம்பி’ ஆகிவிடுவதால் அந்த அடையாளம் தொலைந்துபோகிறது. எட்டு பிட் ஒரு பைட் என்பதால் 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. உங்களுக்கு 12 வருகிறதென்றால், வாக்களித்த வேகம் ஏறத்தாழ முழுமையாகவே வருகிறது, மனநிறைவோடு இருக்கலாம். 700 மெகாபைட் அளவுள்ள ஒரு திரைப்படக் கோப்பு அந்த இணைப்பில் இறங்க ஏழு நொடி ஆகும் என்று எதிர்பார்ப்பது தவறு. ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

ஒருவேளை 12-க்குப் பதில் மூன்று, நான்கு என்று தெரிந்திருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சந்தேகப்பட்டிருப்பேன். ஆனால் அப்போதும் நிறுவனத்தை அழைப்பதற்கு முன், மடிக்கணினியை வீட்டுச் சுவரில் மாட்டிய இணைய இணைப்புப் பெட்டியோடு கம்பி வழியாக நேரடியாக இணைத்து ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். கம்பியில் வேகம் சரியாக வந்து, கம்பியில்லாமல் குறைந்தால் குற்றவாளி வைஃபை. பெரும்பாலான வீட்டுப் பெட்டிகள் இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்புகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைக் கடந்து அடுத்த அறைவரை போகும், ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து வீடுகளின் அலைகளோடு நெரிசலும் உண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும்.

வைஃபை என்பது உங்கள் கைபேசிக்கும் சுவரில் மாட்டிய பெட்டிக்கும் இடையிலுள்ள சில மீட்டர் தொலைவு மட்டுமே என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ‘வைஃபை முழுதாக இருக்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை’ என்பது புதியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை. பெட்டிவரை வழி நன்றாக இருக்கிறது, பெட்டிக்கு வெளியே எங்கோ இணைப்பு தடைபட்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். அந்தப் பெட்டியை வீட்டில் பலரும் மோடம் என்கிறார்கள். இந்தியாவில் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கிய காலத்தில், தொலைபேசிக் கம்பியில் கிரீச்சிட்டபடி கணினியின் செய்தியை ஒலியாக்கி அனுப்பி, வரும் ஒலியை மீண்டும் செய்தியாக்கிய கருவிக்குத்தான் அந்தப் பெயர். இன்று உங்கள் வீட்டுப் பெட்டி, கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றுகிறது. அதை வீட்டிலுள்ள கைபேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி ஆகியவற்றுக்குப் பிரித்து வழிகாட்டும் வேலையை ரூட்டர் செய்கிறது. பல வீடுகளில் இரண்டு வேலையும் ஒரே பெட்டிக்குள் நடப்பதால் எந்தப் பெயரால் அழைத்தாலும் காரியம் நடந்துவிடுகிறது.

பெட்டியைத் தாண்டி வெளியே போனால் இணையம். அது ஒரு நிறுவனமும் அல்ல, ஒரு பெரிய கணினியும் அல்ல. தனித்தனி வலையமைப்புகள் பொதுவான பேச்சு விதிகளை ஏற்றுக்கொண்டு ஒன்றோடொன்று இணைந்திருப்பதே இணையம். வானத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாகத்தான் எல்லாம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கண்டங்களுக்கு இடையே போகும் தகவலில் மிகப் பெரும்பகுதி கடலடிக் கம்பிவடங்களில்தான் போகிறது. அவற்றில் பல சென்னைக் கடற்கரையில் கரையேறுகின்றன. 2020 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட சென்னை–அந்தமான் வடம் மட்டுமே சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம்.

இணையத்தின் தொடக்கம் 1969. அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையமைப்பில் இரண்டு கணினிகளுக்கு இடையே முதல் செய்தி போனது. ‘லாகின்’ என்று தட்டச்சு செய்யத் தொடங்கி, முதல் இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததுமே அது முடங்கியும் போனது. இன்றுள்ள பொதுப் பேச்சு விதிகளுக்கு அந்த வலையமைப்பு மாறியது 1983 ஜனவரி 1 அன்று. வலை, அதாவது வெப், இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் அதற்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தது. ஒன்றோடொன்று இணைப்புகளால் கோக்கப்பட்ட பக்கங்களின் தொகுதியே வலை. இணையம் சாலை என்றால் வலை அதில் ஓடும் ஒரு வகை வண்டி. மின்னஞ்சல் 1971-லேயே வலையமைப்பில் ஓடத் தொடங்கிவிட்டது. நீங்கள் வாட்ஸ்அப்பில் பேசும்போதும், தேநீர்க் கடையில் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து பணம் அனுப்பும்போதும் இணையத்தைப் பயன்படுத்துகிறீர்கள். வலைப்பக்கம் எதையும் திறக்கவில்லை.

இப்போது குரோமும் கூகுளும். குரோம் என்பது உலாவி. வலைப்பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். அது உங்கள் மடிக்கணினிக்குள் நிறுவப்பட்டிருக்கிறது. கூகுள் தேடல் என்பது ஒரு வலைத்தளம். அது கூகுள் நிறுவனத்தின் கணினிகளில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நிறுவனம் தருவதாலும், குரோமைத் திறந்தவுடன் கூகுளின் தேடல் பெட்டியே கண்ணில் படுவதாலும் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன. குரோமை மூடிவிட்டு ஃபயர்ஃபாக்ஸ் என்ற வேறோர் உலாவியைத் திறந்து பாருங்கள். அங்கும் கூகுளில் தேடலாம். குரோமுக்குள் இருந்துகொண்டே டக்டக்கோ என்ற வேறொரு தேடுபொறியிலும் தேடலாம். கூகுள் நிறுவனம் தொடங்கியது 1998-இல். அதற்கு முன்பும் மக்கள் வலையில் உலவிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த வேறுபாட்டில் பணமும் அடங்கியிருக்கிறது. வங்கித் தளத்துக்குப் போக வேண்டியவர் வங்கியின் பெயரைத் தேடுபொறியில் இட்டு, மேலே வரும் முதல் முடிவைத் தொடுகிறார். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். போலித் தளமாகவும் இருக்கலாம். முகவரியை உலாவியின் மேல்பட்டையில் நேரடியாக எழுதுவதும், அதை அடையாளக்குறியாக (புக்மார்க்) சேமித்து வைத்துக்கொண்டு அதன் வழியே போவதும் வேறு செயல்கள். பணத்துக்கான காரியங்களில் இவற்றையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முகவரி என்றதும், அதைப் படிக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தமிழ் விக்கிப்பீடியாவின் முகவரியை வாயால் சொன்னால் ‘டிஏ டாட் விக்கிபீடியா டாட் ஓஆர்ஜி’. இதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசியிலுள்ள ஓஆர்ஜி உயர்நிலைப் பெயர். அதற்கு இடப்பக்கம் உள்ள விக்கிபீடியா, பதிவு செய்து வைத்திருக்கும் உரிமையாளரின் பெயர். அதற்கும் முன்னால் உள்ள டிஏ, அந்த உரிமையாளர் தன் வீட்டுக்குள் தமிழுக்கு ஒதுக்கிய அறை. உரிமையாளர் தன் பெயருக்கு இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்வது இந்த உரிமையைத்தான். ‘உங்கள் வங்கியின் பெயர் டாட் ஏதோவொரு பெயர் டாட் காம்’ என்று ஒரு முகவரி வந்தால், இடமிருந்து படிக்கும் நம் கண் வங்கியின் பெயரில் நின்றுவிடுகிறது. உண்மையான உரிமையாளரோ அந்த ‘ஏதோவொரு பெயர்’. இந்திய வங்கிகள் ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிகளுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவித்ததன் நோக்கமும், முகவரியின் வலது முனையைப் பார்த்தே வங்கியை அடையாளம் காண வேண்டும் என்பதே. தமிழிலேயே முடியும் முகவரிகளும் இருக்கின்றன; .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மூன்றும் முறைப்படி அளிக்கப்பட்டவை, ஆனால் அன்றாடப் புழக்கத்தில் காண்பது அரிது.

நீங்கள் எழுதும் பெயர் கணினிகளுக்குப் புரியாது. அவை ஒன்றையொன்று ஐபி முகவரி என்ற எண்ணால்தான் அடையாளம் காண்கின்றன. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ் என்ற ஏற்பாடு. உங்கள் உலாவி ஒவ்வொரு புதிய தளத்துக்கும் முதலில் அதைத்தான் விசாரிக்கிறது. எண் கிடைத்ததும் அந்தக் கணினியிடம் பக்கத்தைக் கேட்கிறது. கேட்டவுடன் எடுத்துக்கொடுக்கும் அந்தக் கணினிக்குப் பெயர் சர்வர், தமிழில் வழங்கி. பழைய ஐபி முறையில் ஏறத்தாழ 430 கோடி எண்களே உண்டு. உலக மக்கள்தொகைக்கே அது போதாது என்பதால்தான் பல மடங்கு நீளமான எண்களைக் கொண்ட புதிய முறையும் அதனோடு சேர்ந்து புழக்கத்தில் இருக்கிறது.

பூட்டுப் படத்தைப் பற்றி நேரடியாகவே சொல்கிறேன்: அதை மட்டும் நம்பிப் பணம் செலுத்தக் கூடாது. உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்திருக்கிறது என்பதற்கு மட்டுமே அது உத்தரவாதம். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்லவில்லை. திருடனுக்கே அரக்கு முத்திரை வைத்துக் கடிதம் அனுப்பினால், வழியில் யாரும் பிரிக்க மாட்டார்கள். திருடன் பத்திரமாகப் பெற்றுக்கொள்வான். அந்தப் பூட்டு தெரிவதற்குத் தேவையான சான்றிதழைப் போலித் தளம் நடத்துபவர்களும் எளிதாகப் பெறலாம். மக்கள் இதைப் பாதுகாப்பு முத்திரையாகத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதாலேயே குரோம் 2023-இல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறொரு குறியை வைத்தது. ஒருவேளை ஏமாந்து பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே இணைய மோசடிப் புகார்களுக்கான தேசிய உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க முடிவது முதல் சில மணி நேரங்களில்தான்.

கடைசியாகக் கிளவுட். மேகம் என்ற பெயர்தான் மேலே மிதக்கிறதே தவிர, பொருள் தரையில் இருக்கிறது. பெரிய கட்டடங்களில், குளிரூட்டப்பட்ட கூடங்களில் அடுக்கடுக்காக நிற்கும் வேறொருவரின் கணினிகளே கிளவுட். சென்னையில் அம்பத்தூர் பக்கம்கூட அத்தகைய தரவு மையங்கள் இருக்கின்றன. கூகுள் கணக்கில் கட்டணமில்லாமல் கிடைப்பது 15 ஜிபி. அஞ்சல், டிரைவ், புகைப்படம் மூன்றும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இங்கே புதியவர்கள் இழப்பைச் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. கூகுள் போட்டோஸில் படங்கள் ஏறிவிட்டன, இனிக் கைபேசியில் இடம் பிடிக்க வேண்டாம் என்று அதே செயலிக்குள் இருந்து அழிக்கிறார்கள். அங்கே அழித்தால் கைபேசியிலும் போகும், கிளவுடிலும் போகும். குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் நினைவு வந்தால் மீட்கலாம். கைபேசியில் மட்டும் இடத்தைக் காலி செய்ய அதே செயலியில் தனியாக ஒரு வசதி இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும். பேரனின் முதல் பிறந்தநாள் போன்ற படங்களை வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து அலமாரியில் வைத்துவிடுவது இன்னும் நல்லது.

ஒரு குறிப்பிட்ட படம் கைபேசியில் இருக்கிறதா, கிளவுடில் மட்டும் இருக்கிறதா என்று இப்போதே பார்க்க வேண்டுமானால் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு அந்தப் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். தெளிவாக விரிந்தால் அது அநேகமாகக் கைபேசியிலேயே இருக்கிறது. மங்கலாகவே நின்று சுழல்வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால், உங்களிடம் இருப்பது அதன் சிறு நிழல்; படம் தரவு மையத்தில் இருக்கிறது.